ஆணியின் கழுத்தும் எலும்பின் விளிம்பும்

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாம் கிழமை, எனது வலப்பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. மூன்று மாதம் கழித்து மறுபடி பல் டொக்டரிடம் போனேன். அவர் இரண்டு எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று என்னுடையது. மற்றது யாருடையது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பல வருடங்களுக்கு முன் வெளிநாடு ஒன்றில் பல் நாட்டிக்கொண்டு வந்த ஒருவருடையதாம். தாடைக்குள் ஆணி நேராக, வெள்ளை வெளேரென்று, நேற்று வைத்தது போல நின்றது. ஆனால் அதன் கழுத்தைச் சுற்றி எலும்பு ஒரு கிண்ணம் போலக் குழிந்திருந்தது.

"ஆணிக்கு ஒண்டும் ஆகல்ல சேர். எலும்புதான் ஒதுங்கிப் போயிட்டு" என்றார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. எலும்பு ஏன் ஒதுங்க வேண்டும்? ஏன் கழுத்தில் மட்டும், ஏன் கிண்ணம் போல? தமிழ் படிப்பிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் தேடிப் போகப் போக இது மருத்துவக் கதையை விட வரலாற்றுக் கதையாகவே எனக்குப் பட்டது. ஒரு சிறு உலோகத் துண்டுக்கு என்ன வடிவம் கொடுக்க வேண்டும் என்பதை மனிதர் நூறு வருடமாகத் தேடியிருக்கிறார்கள். பல தடவை பிழைவிட்டு, சில தடவை தற்செயலாகச் சரிவந்து, ஒவ்வொரு தடவையும் தீர்ப்புச் சொன்னது எலும்புதான்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இம்ப்ளாண்ட் என்பதைத் தமிழில் பதியம் என்று சொல்லிவிடலாம் போல இருக்கும். ஆனால் பதியம் வைத்த கிளை வேர் விடும். இது விடாது. இது உயிரில்லாத கட்டை. பிடிப்பதெல்லாம் சுற்றியிருக்கும் மண்தான். அதனால் இங்கே நான் 'ஆணி' என்றே எழுதுகிறேன். எங்கள் பல் டொக்டரும் அப்படித்தான் சொல்கிறார்.

பழைய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. நமது வாசகர்கள் நன்கு அறிந்த பெயர் ஒன்று, அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. கி.பி. 936 இல் குர்துபாவுக்கு அருகில் மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்து 1013 இல் மரணித்தவர். அவருடைய கிதாபுத் தஸ்ரீப் முப்பது பகுதிகள் கொண்டது. கடைசிப் பகுதி சத்திரசிகிச்சை பற்றியது. பல்லின் காரையைச் சுரண்டுவதற்கென்று மட்டும் அதில் பதினான்கு கருவிகளை வரைந்து காட்டியிருக்கிறார். ஆடும் பற்களைப் பொன் கம்பியால் உறுதியான அயற்பற்களோடு பின்னிக் கட்டும் முறையைச் சொல்கிறார். விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கி அதே மாதிரிக் கட்டலாம் என்றும் சொல்கிறார். ஏன் பொன், ஏன் வெள்ளி இல்லை என்பதற்கும் அவரிடம் விடையுண்டு. வெள்ளி நாள்பட நிறம் மாறும், பொன் மாறாது.

இதே அறிவு இன்னும் முந்திய ஒரு செய்தியிலும் இருக்கிறது. அர்பஜா பின் அஸ்அத் (றழி) அவர்கள் குலாப் போரில் மூக்கை இழந்து வெள்ளியால் ஒன்று செய்து வைத்துக்கொண்டார்கள். அது துர்நாற்றம் எடுக்கவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் பதிவான இந்தச் செய்தியை வைத்தே, பல்லைப் பொன்னால் கட்டுவது ஆண்களுக்கும் ஆகும் என்று இமாம்கள் பேசினார்கள். ஃபிக்ஹுப் பாடத்தில் நாம் இதைக் கடந்து போய்விடுகிறோம். உடலோடு ஒட்டியிருக்கும் பொருளை உடல் எப்படி எதிர்கொள்கிறது என்பதும் இதற்குள் இருக்கும் கேள்வி.

ஆனால் ஸஹ்ராவியின் பல் முரசுக்கு மேலே நின்றது. மெல்லும் பாரத்தைப் பக்கத்துப் பற்கள் தாங்கின, தாடை எலும்புக்கு அதனால் லாபமுமில்லை நட்டமுமில்லை. எலும்புக்குள்ளேயே இறங்கிய பழைய சான்று வேறொரு கண்டத்திலிருந்து வருகிறது. ஹொந்துராஸ் நாட்டில் 1931 இல் தோண்டியெடுத்த மாயா காலத்துக் கீழ்த்தாடை ஒன்றில், முன்பற்கள் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் பல்வடிவாகச் சீவிய சிப்பித் துண்டுகள் இருந்தன. ஏறத்தாழ கி.பி. 600 ஐச் சேர்ந்தது என்பார்கள். 1970 இல் அதை எக்ஸ்ரே எடுத்தபோது, துண்டுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. அதாவது அது மையித்துக்குச் செய்த அலங்காரம் அல்ல. உயிரோடு இருந்த ஒருவர் அந்தச் சிப்பியை வாயில் சுமந்திருக்கிறார்.

அங்கிருந்து ஒரேயடியாக 20ஆம் நூற்றாண்டுக்கு வருகிறேன். இடையில் பொன், ஈயம், பீங்கான் என்று பலர் பலதையும் புதைத்துப் பார்த்தார்கள். சொல்லும்படியாக எதுவும் நிற்கவில்லை. 1913 இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கிறீன்ஃபீல்ட் என்ற பல் வைத்தியர், இரிடியம் கலந்த பிளாட்டினக் கம்பியால் பறி போன்ற ஒரு கூடு செய்து தாடையில் இறக்குவதைப் பற்றி எழுதினார். தாடையில் வட்டமாக மட்டும் வெட்டி, நடுவில் உள்ள எலும்புத் தூணை அப்படியே விட்டு, கூட்டை அதன்மேல் கவிழ்ப்பார். கம்பிகளுக்கிடையே எலும்பு நுழைந்து பிணைந்துவிடும் என்பது அவர் எண்ணம். எலும்பை நண்பனாக எண்ணி வடிவம் யோசித்த ஆட்களில் இவர் முந்தியவர். 1930களின் கடைசியில் பொஸ்டன் நகரில் ஸ்ட்ரொக் சகோதரர்கள், எலும்பு முறிவுக்குப் பூட்டும் திருகாணியைப் பார்த்து அதே மாதிரி ஒன்றைக் கோபால்ட், குரோமியம், மொலிப்டினம் சேர்ந்த கலப்புலோகத்தில் செய்து தாடையில் பூட்டினார்கள். திருகாணி வடிவம் அப்போதே வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் உலகம் அதன் பின்னால் போகவில்லை.

உலகம் போனது தகட்டின் பின்னால். 1960களின் பிற்பகுதி தொடக்கம் நியூயோர்க் பல் வைத்தியர் லெனார்ட் லிங்கோ பரப்பிய வடிவம் அது. கத்தி அலகு மாதிரி மெல்லிய, அகன்ற உலோகத் தகடு, நடுவே துவாரங்கள், மேலே ஒரு சிறு தலை. தாடை மேட்டின் நீளத்துக்கு ஒரு கோடு கீறி, தகட்டைத் தட்டி உள்ளே இறக்குவார்கள். பல் போய்க் காலமான தாடை மெலிந்து கத்தி விளிம்பு மாதிரி ஆகிவிடும். அதற்குள் உருண்டையான எதையும் இறக்க இடமிருக்காது. அப்படிப் பார்த்தால் தகடு நியாயமான யோசனைதான். அதிக காலம் காத்திருக்காமல் மேலே பல்லும் கட்டிவிடலாம். சனம் விரும்பாமல் இருக்குமா?

எலும்புதான் விரும்பவில்லை. தகட்டுக்கும் எலும்புக்கும் இடையில் நார்த்திசுப் படலம் ஒன்று உருவானது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் அளவான ஒரு இழைப்படலம் இருக்கிறது. இதுவும் அதைப் போன்ற மெத்தைதான் என்று தகட்டுக்காரர் வாதாடினார்கள். ஆனால் பல்லின் இழைகள் எலும்பிலும் வேரிலும் குறுக்காகத் தைத்துக்கொண்டு நிற்பவை. தகட்டைச் சுற்றி வந்ததோ வெறும் உறை. முள் ஏறினால் உடம்பு அதைச் சுற்றி ஒரு பை கட்டுமே, அந்த இனம். மெல்லும்போது தகடு மெல்ல அசையும், அசைய அசைய உறை தடிக்கும், வாயிலுள்ள கிருமி அந்த வழியாகக் கீழே இறங்கும். தகடு அகலமானது என்பதால் தோற்றுப்போய்க் கழற்றும்போது ஒரு பல்லின் அளவு குழி விழாது, வாய்க்கால் விழும். ஏற்கெனவே மெலிந்த தாடை.

1978 இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகமும் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் கூட்டிய மாநாடு ஒன்றில், எதை வெற்றி என்று சொல்வது என்பதற்கு அளவுகோல் வகுத்தார்கள். ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 75 நிலைத்து நின்றால் போதும். எலும்பு இழப்பு, ஆணியின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இந்த இடத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். மூன்றிலொரு பங்கு எலும்பு ஐந்து வருடத்துக்குள் போனாலும் அது வெற்றிக் கணக்கில் சேரும். அன்றைக்குக் கையிலிருந்த வடிவங்களால் எட்டக்கூடியது அவ்வளவுதான் போலும்.

அதே நேரம் சுவீடனில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது 1952 இல் பல்லோடு சம்பந்தமே இல்லாமல் தொடங்கியது. பேர்-இங்வார் பிரேனமார்க் என்ற இளம் ஆய்வாளர் லுண்ட் நகரில், முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று உயிரோடேயே பார்க்க விரும்பினார். அதற்காக டைட்டேனியத்தில் கண்ணாடிச் சாளரம் மாதிரி ஒரு சின்னக் கருவி செய்து எலும்பில் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு உலோகத்தை இடைவெளியில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் பார்க்க வந்தது இரத்த ஓட்டத்தை. கண்டது வேறு.

பிரேனமார்க் கொதன்பர்க் நகருக்கு மாறி, நாய்களில் வருடக்கணக்காகச் சோதித்து, 1965 இல் முதன்முதலாக மனிதத் தாடையில் டைட்டேனியத் திருகாணிகளை இறக்கினார். பிறவியிலேயே அண்ணப்பிளவும் தாடைக் குறைபாடும் உள்ள ஒருவர், கீழ்த்தாடையில் நான்கு ஆணிகள். அவர் தேர்ந்த வடிவம் 3.75 மில்லிமீற்றர் விட்டமுள்ள நேரான உருளை, வெளியே புரி. பல்வேரின் சாயல் துளியும் கிடையாது. பட்டறையில் கடைந்தெடுத்த சாமான் மாதிரியே இருக்கும். முந்தியவர்களில் பலர் பல்லைப் போலச் செய்ய முயன்றார்கள், இவர் எலும்பு அசையாமல் பிடிக்கக்கூடியதைச் செய்தார். புரி இருந்ததால் வைத்த நிமிடத்திலிருந்தே ஆணி ஆடாது. துளையிடும்போது எலும்பு சூடாகி வெந்து போகக்கூடாது என்று நீரூற்றி மெதுவாகத் துளைத்தார். (எலும்பு 47 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே கெடத் தொடங்கும் என்பதை அவரது குழுவினரே பின்னர் அளந்தார்கள்.) பிறகு முரசைத் தைத்து மூடி, கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருந்தார். அதன் பிறகுதான் பல்.

சொந்த நாட்டிலேயே அவரை நெடுங்காலம் நம்பவில்லை. அவர் பல் வைத்தியரும் அல்லர், உடலமைப்பியல் பேராசிரியர். ஆனால் ஒவ்வொரு ஆணியையும் எழுதி வைத்தார், வருடாவருடம் ஒரே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தார். 1981 இல் அவருடைய குழு 15 வருடக் கணக்கை வெளியிட்டது. 371 பேர், 410 தாடைகள், 2,768 ஆணிகள். முதல் வருடம் முடியும்போது கழுத்தில் சராசரியாக 1.5 மில்லிமீற்றர் எலும்பு குறைந்திருந்தது. அதன் பின் வருடத்துக்கு 0.1 மில்லிமீற்றர் மட்டுமே. மறு வருடம் டொரொன்டோ மாநாட்டில் வட அமெரிக்கர் இதைக் கேட்டபின் நிலைமை மாறியது. 1986 இல் புது அளவுகோல் வந்தது. முதல் வருடத்துக்குப் பின் எலும்பு இழப்பு வருடத்துக்கு 0.2 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருக்க வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் மூன்றிலொரு பங்கு, இப்போது நகக்கீறல் அளவு.

புரி ஏன் எலும்புக்குப் பிடித்தது? இதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். 1866 அளவில் சூரிச் நகரில் ஃபொன் மேயர் என்ற உடலமைப்பியலாளர் தொடை எலும்பை நெடுக்காகப் பிளந்து காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே எலும்பு நூல்கள் வளைவு வளைவாக ஓடின. அங்கிருந்த குல்மன் என்ற பொறியியலாளர், தான் பாரந்தூக்கிக்குப் போட்ட விசைக்கோடுகளும் இப்படித்தான் ஓடும் என்று கண்டார். இந்த வழியில் சென்ற ஜேர்மனியின் யூலியஸ் வொல்ஃப், 1892 இல் தன் விதியை நூலாக எழுதினார். எலும்பு தன்மேல் வரும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். வேலை இருக்கும் இடத்தில் தடிக்கும், வேலை இல்லாத இடத்தில் கரையும். பல் பிடுங்கியவர்களின் தாடை ஏன் மெலிகிறது என்பதற்கும் விடை இதுதான். அளவுக்கு மீறிப் பாரம் வந்தாலும் எலும்பு தாங்காது என்பதைப் பின்வந்தோர் சேர்த்தார்கள்.

பாரத்திலும் வகை உண்டு. எலும்பு நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைக் குறைவாகத் தாங்கும், உரசி வழுக்கும் விசையை எல்லாவற்றிலும் குறைவாகத் தாங்கும். கெட்டியான எலும்பில் இந்தக் கடைசியைத் தாங்கும் பலம் நெருக்கத்தைத் தாங்கும் பலத்தில் மூன்றிலொன்று அளவுதான். வழவழப்பான உருளையை எலும்பில் இறக்கி மேலே அழுத்தினால் அதன் பக்கமெல்லாம் வழுக்கும் விசைதான். புரி இருந்தால் ஒவ்வொரு புரியும் ஒரு சின்னப் படி மாதிரி, எலும்பின்மேல் உட்கார்ந்து அழுத்தும். வழுக்கல் நெருக்கமாக மாறுகிறது.

1980களில் இதைச் சோதித்துப் பார்த்த மாதிரி ஒரு காரியம் நடந்தது. புரியில்லாத உருளைகள் சந்தைக்கு வந்தன. திருக வேண்டியதில்லை, தட்டி இறக்கினால் போதும். உலோகத் தூளையோ எலும்பின் கனிமத்தையோ மேலே பூசி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியிருந்தார்கள். தொடக்க வருடங்களில் முடிவு அருமையாக இருந்தது. பிறகு பல இடங்களில் எலும்பு இறங்கத் தொடங்கியது. திருகாணியைச் சுற்றி முதல் வருடத்தோடு நின்ற இழப்பு, இந்த வகைகள் சிலவற்றைச் சுற்றி நிற்கவே இல்லை. அதற்குள் எத்தனையோ பேரின் வாயில் அவை ஏறிவிட்டன. சுவீடன்காரர் 15 வருடம் காத்திருந்து சொன்னதன் அருமை இந்த இடத்தில்தான் தெரியும். இரண்டு வருட எக்ஸ்ரேயில் நல்ல வடிவமும் கெட்ட வடிவமும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

இனிக் கழுத்துக்கு வருவோம்.

எங்கள் வளவுக்கு வாப்பா வேலிக்கட்டை நடும்போது நான் பக்கத்தில் நின்று மண் இடிப்பேன். கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "கட்டை ஆடினா மேல்மண்தான் முதல்ல வாய் திறக்கும்" என்பார். கணினியில் கணக்குப் போட்டு விசையை நிறம் நிறமாகக் காட்டும் முறை பல் மருத்துவத்துக்கு 1970களில் வந்தது. அந்தப் படங்கள் திரும்பத் திரும்பக் காட்டியதும் வாப்பாவின் கதைதான். பாரம் பக்கவாட்டில் வரும்போது கழுத்தைச் சுற்றியுள்ள மேல் எலும்பிலேயே விசை குவிகிறது. ஆணி நீண்டிருப்பதை விடத் தடித்திருப்பது அங்கே கூடுதல் உதவி.

பிரேனமார்க்கின் ஆணிக்குக் கழுத்து வழவழப்பானது. காரணம் நல்ல காரணம். முரசுக்குப் பக்கத்தில் சொரசொரப்பு இருந்தால் அழுக்குப் பிடிக்கும். ஆனால் எக்ஸ்ரேக்களில் எலும்பு வழக்கமாக முதலாவது புரி வரைக்கும் இறங்கி, அங்கே நின்றது. வழவழப்பான பகுதியில் பிடிக்க ஒன்றுமில்லை, எலும்புக்கு வேலையுமில்லை. வொல்ஃப் சொன்னபடி கரைந்தது என்று ஒரு சாரார் விளக்கினார்கள். வைத்தியர்கள் அதற்குப் பழகிப்போனார்கள். முதல் புரி வரை இறங்குவது இயல்பு, 1.5 மில்லிமீற்றர் இயல்பு. ஒரு குறிப்பிட்ட வடிவத்தின் குணத்தை அளந்துவிட்டு அதை எலும்பின் குணம் என்று எழுதிவைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாடசாலையில் நாமும் இதைச் செய்வோம். போன வருடத்துப் புள்ளியை வைத்து, இந்த வகுப்பு இவ்வளவுதான் என்று.

அதே சுவீடனில் ஸ்டிக் ஹான்சன் என்ற பொறியியலாளர் இதை மறுத்துக் கணக்குப் போட்டார். புரியை ஆணியின் உச்சி வரை கொண்டுபோங்கள், கழுத்தில் நுண்ணிய புரிகளாக வையுங்கள், எலும்பின் விளிம்புக்கும் வேலை கொடுங்கள் என்றார். 1990களில் அந்த மாதிரி ஆணிகள் வந்தன, விளிம்பு எலும்பும் பெரும்பாலும் மேலேயே நின்றது. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் அந்திரே ஷ்ரோடரின் குழு வேறு வழி போயிருந்தது. வழவழப்பான கழுத்தை எலும்புக்குள் விடாமல் முரசுக்குள் நிறுத்துவது அவர்கள் வழி. அழகு கருதி அந்தக் கழுத்தை எலும்புக்குள் ஆழமாக இறக்கிப் பார்த்த இடங்களில் எலும்பு மறுபடி கீழே போனது. ஷ்ரோடர் குழுவும் முதலில் கிறீன்ஃபீல்ட் மாதிரி உள்வெறுமையான, துவாரமிட்ட உருளைதான் செய்தது என்பது ஒரு சுவையான செய்தி. வெறுமையான உருளை சில வாய்களில் முறிந்தது. அதனால் அதுவும் இறுக்கமான திருகாணிக்கே வந்து சேர்ந்தது.

வடிவத்தில் இன்னுமொரு இடம் இருக்கிறது, பலரின் கண்ணில் படாத இடம். ஆணி ஒரு துண்டு, அதன்மேல் பல்லைத் தாங்கும் தண்டு இன்னொரு துண்டு. இரண்டும் சேரும் மூட்டில் தலைமயிரை விட மெல்லிய ஒரு இடுக்கு. அதற்குள் கிருமி குடியிருக்கும். அமெரிக்காவின் டெக்ஸாஸில் டேவிட் கொக்ரனும் சகாக்களும் 1990களின் பிற்பகுதியில் நாய்களின் தாடையில் இந்த மூட்டை வெவ்வேறு ஆழத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூட்டை இறக்கினால் எலும்பும் இறங்கியது, உயர்த்தினால் உயரத்திலேயே நின்றது. ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தூரத்தை எலும்பு தன் மரியாதைத் தூரமாக வைத்துக்கொண்டது. 1961 இலேயே இயற்கைப் பற்களில் முரசு எலும்புக்கு மேல் ஒட்டி நிற்கும் தடிப்பைச் சராசரி 2.04 மில்லிமீற்றர் என்று அளந்திருந்தார்கள். எண்கள் இப்படிப் பொருந்தியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. முரசு தன் முத்திரையை இட இடம் வேண்டும், அந்த இடத்தை எலும்பு விட்டுக்கொடுக்கிறது.

இனி வருவது இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1991 இல் ஒரு அமெரிக்கக் கம்பனி 5, 6 மில்லிமீற்றர் அகலமான ஆணிகளை விற்பனைக்கு விட்டது. அந்த அகலத்துக்கேற்ற தண்டு அப்போது செய்து முடியவில்லை. வைத்தியர்கள் கைக்குக் கிடைத்த 4.1 மில்லிமீற்றர் தண்டையே அகலமான ஆணிமேல் பூட்டிவிட்டார்கள். சட்டிக்குச் சின்ன மூடி போட்ட மாதிரி. வருடங்கள் போய் எக்ஸ்ரேயைப் பார்த்தால், வழக்கமாக இறங்கும் எலும்பு பலருக்கு இறங்கவே இல்லை. 5 மில்லிமீற்றர் ஆணிமேல் 4.1 மில்லிமீற்றர் தண்டு இருந்தால் மூட்டு ஒவ்வொரு பக்கமும் 0.45 மில்லிமீற்றர் உள்ளே தள்ளிப்போகிறது. எலும்பு கேட்ட தூரத்தில் ஒரு பகுதி மேலிருந்து கீழாக இல்லாமல் பக்கவாட்டில் கிடைத்துவிடுகிறது. லசாராவும் போர்ட்டரும் 2006 இல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். இன்று பெரும்பாலான கம்பனிகள் வேண்டுமென்றே சின்ன மூடியைத்தான் போடுகின்றன.

புரியின் குறுக்குவெட்டு முக்கோணமா சதுரமா, ஆணி நேரா அல்லது நுனி கூம்பா என்பது பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். கூம்பு, மேல்தாடையின் பின்புறத்தில் உள்ள பஞ்சு போன்ற எலும்பில் நன்றாக இறுகும். கீழ்த்தாடையின் கெட்டி எலும்பில் அதையே மூச்சுப் பிடித்து இறுக்கினால் எலும்பின் இரத்த ஓட்டம் நசிந்து விளிம்பு செத்துப்போகும். சதுரம், முக்கோணம் பற்றிக் கணினிப் படத்தில் தெரியும் வித்தியாசம் ஆட்களின் வாயில் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. விளம்பரத் தாளில் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

விளிம்பு எலும்பு போவதற்குப் பாரம் காரணமா, கிருமி காரணமா என்று துறைசார்ந்தவர்கள் இன்னமும் பிடிவாதமாக நிற்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பேசுவதில் எனக்குத் திருப்தியில்லை. வழவழப்பான கழுத்து எலும்புக்கு வேலை கொடுக்காது, ஆனால் அழுக்குப் பிடிக்காது. சொரசொரப்பான கழுத்தில் எலும்பு நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒருதரம் விளிம்பு இறங்கி அது வெளியே தெரிந்துவிட்டால் கிருமிக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. எந்த வடிவமும் ஒன்றை வாங்கி ஒன்றைக் கொடுக்கிறது. அதோடு சீனி வருத்தத்தைக் கட்டுக்குள் வைக்காதவருக்கும், சிகரட்டை விடாதவருக்கும், பல் தீட்டாதவருக்கும் வடிவத்தால் மட்டும் காவல் செய்ய முடியாது. கொதன்பர்க்கின் அந்த முதல் நோயாளி 2006 இல் மரணித்தபோது ஆணிகள் அவர் வாயிலேயே இருந்தன. நாற்பது வருடம் கடந்திருந்தது. வடிவத்தைப் பார்த்தால் இன்றைய கடையில் அது பழைய மாடல். கழுத்து வழவழப்பு, மூட்டும் எலும்பின் மட்டத்துக்குப் பக்கத்தில்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு மறுபடி டொக்டரிடம் போனேன். வழவழப்பான பகுதி எங்கே நிற்கும், மூட்டு எலும்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் வரும், பல் பூட்டுகிற அன்றே ஒரு எக்ஸ்ரே எடுத்துத் தருவீர்களா என்று மூன்று கேள்வி கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சேர் பாடம் எடுக்க வந்தீங்களா, பல்லுக்கு வந்தீங்களா?" என்றார். ஆனால் மூன்றுக்கும் பதில் சொன்னார், படமும் எடுத்தார். 4 மில்லிமீற்றர் அகலமான ஆணி, கழுத்தில் நுண்புரி, தண்டு கொஞ்சம் ஒடுங்கியது. எலும்பின் விளிம்பு இப்போது முதலாவது புரிக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. அந்தப் படத்தின் மூலையில் திகதியை எழுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் உள்ள கோவைக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த படம் வரும் வருடம் இதே மாதத்தில், இதே கோணத்தில் எடுக்க வேண்டும்.